மேயரின் மூன்றாவது கோப்பை

பெட்டியில ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்துத்தானே கேக்கிறீங்க? ஆமா சார், ஜெர்மனியிலேர்ந்துதான் வர்றேன். காலையில மெட்ராஸ்ல இறங்கினேன், மத்தியானம் இந்த வண்டி. மதுரையில இறங்கி கோவில்பட்டி பஸ் பிடிக்கணும். மகன் அங்கே நியூரம்பர்க்னு ஒரு ஊர்ல இருக்கான். மூணு மாசம் இருக்கலாம்னு விசா. அஞ்சாவது வாரமே கிளம்பிட்டேன்.

ஊர்ல யாராவது ஏன்னு கேட்டா சாப்பாடு ஒத்துக்கலைன்னு சொல்லப்போறேன். உங்ககிட்ட நெசத்தைச் சொல்லலாம். நீங்க ரெண்டு பேரும் மதுரையில இறங்கி உங்க கல்யாண வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் என் பஸ்ஸைப் பார்த்துப் போயிடுவேன். அப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ. உங்க வீட்டம்மாவும் கேக்கட்டும், பரவாயில்லை. மடியில இருக்கிற பையை இந்தச் சீட்டுல வைக்கலாம்மா, காலியாத்தான் இருக்கு. வேண்டாமா? சரி, நகை இருக்கும். இருக்கட்டும்.

என் பேரு சங்கரபாண்டியன். தபால் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம். ஆபீஸ்ல எல்.டி.சி. பாண்டியன்னாத்தான் தெரியும். மத்திய சர்க்கார் வேலையில இருக்கிறவனுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட இந்தியாவுல எங்கே வேணும்னாலும் போய்வர ரயில் சீட்டு கிடைக்கும். அதுதான் எல்.டி.சி. எத்தனையோ பேர் அதை வீணாக்கினாங்க. வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே காசி போனதா எழுதிக் கொடுத்தவங்களும் உண்டு. நான் ஒரு தடவைகூட விட்டதில்லை சார். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பூரி, மைசூர்னு பதினோரு ஊர். டைரியில எழுதி வச்சிருக்கேன். 'குடும்பத்துடன் பார்த்த இடங்கள்'னு தலைப்புப் போட்டு, தேதியோட. எங்க ஆபீஸ்ல என் சம்பளத்துல இருந்தவன் எவனும் பெண்டாட்டி பிள்ளையை அத்தனை ஊருக்குக் கூட்டிப் போனதில்லை.

அப்படி ஊர் சுத்தினவனை என் மகன் ஒரு பெஞ்சில உட்கார வச்சான் சார். பைகளுக்குக் காவலா.

கேளுங்க. மகன் பேரு பூவநாதன். அங்கே எல்லாரும் நாதன்னு கூப்பிடுறாங்க. மருமகள் தேன்மொழி, நல்ல பொண்ணு, குறை சொல்லக்கூடாது. பேத்திக்கு மூணு வயசு. போன மாசம் ஒரு சனிக்கிழமை, பழைய ஊர் ஒண்ணு இருக்கு, காலையில போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம்ப்பா, உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னான். ரோதன்பர்க். ஊரைச் சுத்திக் கோட்டைச் சுவர். சுவர்னா நம்ம ஊர் இடிஞ்ச சுவர் இல்லை. மேலே ஏறி, ஓடு வேய்ஞ்ச கூரைக்குக் கீழேயே ஊரைச் சுத்தி நடக்கலாம். உள்ளே ஐநூறு, அறுநூறு வருஷத்து வீடுகள், ஜன்னல் ஜன்னலாப் பூத்தொட்டி. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரலை. டைரியில பன்னிரண்டாவது ஊர்னு நம்பர்கூடப் போட்டு வச்சுட்டேன்.

காலையில கிளம்பும்போது பிரஷர் மாத்திரையைக் கொடுத்தான். அது நீர் பிரியற மாத்திரை சார். வெளியே போற நாள்ல நான் போட மாட்டேன். கோவில்பட்டியில டாக்டருக்கே அது தெரியும். வேண்டாம்டான்னேன். கேக்கலை. நின்னு, நான் முழுங்கறதைப் பார்த்துட்டுத்தான் நகர்ந்தான். போற வழியில ஒரு பெரிய கிண்ணம் நிறைய காப்பி. ஊருக்குள்ள போனதும் ஆப்பிள் சாறுல சோடா கலந்து ஒரு கிளாஸ், இந்த உசரம். வெயிலுக்குக் குடிங்கப்பா, குடிங்கப்பான்னு. அந்த ஊர்ப் பலகாரம் ஒண்ணு வாங்கிக் கொடுத்தான். பனி உருண்டைன்னு பேரு. மாவை நாடாவா வெட்டி உருட்டிப் பொரிச்சு, மேலே சர்க்கரைத்தூள். நம்ம முறுக்குக்கு ஈடாகாது, ஆனா மோசமில்லை.

ஊர் நடுவுல பெரிய சதுக்கம். தரை பூரா கருங்கல் பாவி, மேடும் பள்ளமுமா இருக்கு. பிள்ளையைத் தள்ளிப்போற வண்டி அதுல உருளவே மாட்டேங்குது. எனக்கு முழங்கால் வேற. அங்கே ஒரு பெஞ்சு. அதைப் பார்த்ததும் பூவநாதன் முகத்துல ஒரு தெளிச்சி வந்தது பாருங்க, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

"அப்பா, நீங்க இப்படி உட்காருங்க. சுவர் மேல ஏற படி செங்குத்தா இருக்கும். நாங்க ஒரு சுத்து நடந்துட்டு ஒரு மணிக்குள்ள வந்துடறோம். வண்டியும் பையும் இங்கேயே இருக்கட்டும். பாஸ்போர்ட்டெல்லாம் அதுலதான் இருக்கு. இந்த இடத்தை விட்டு அசையாதீங்க. தொலைஞ்சு போனா உங்களுக்கு யார்கிட்டயும் கேக்க பாஷை தெரியாது."

அவ்வளவுதான். பேத்தியைத் தோள்ல தூக்கிக்கிட்டான், போயிட்டாங்க. அப்ப மணி பதினொண்ணே முக்கால். என் போன்ல அங்கத்து சிம் கிடையாது. அது கடிகாரம் பார்க்கத்தான். அதுக்கும் அவசியமில்லை, எதிர்லயே ஒரு பெரிய கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தைப் பத்திச் சொல்லணும். அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஜன்னல். மணி அடிச்சதும் ரெண்டும் திறக்கும். ஒரு ஜன்னல்ல ஒரு படைத்தளபதி பொம்மை, இன்னொண்ணுல அந்த ஊர் மேயர். காரில வரும்போது தேன்மொழி கதை சொன்னா. அந்தக் காலத்துல எதிரிப்படை ஊரைப் பிடிச்சுட்டதாம். ஊரைக் கொளுத்தப்போறேன்னானாம் தளபதி. அப்புறம், இந்தப் பெரிய கோப்பை நிறைய இருக்கிற வைனை ஒரே மூச்சுல எவனாவது குடிச்சா விட்டுடறேன்னானாம். மூணேகால் லிட்டர் சார். மேயர் முன்னாடி வந்து வாங்கி, மடமடன்னு குடிச்சு ஊரைக் காப்பாத்தினாராம். அதனால மணிக்கு ஒரு தடவை ஜன்னல் திறந்து, மேயர் பொம்மை கோப்பையைத் தூக்கித் தூக்கிக் குடிக்குது. கீழே கூட்டம் நின்னு போட்டோ எடுக்குது.

பன்னிரண்டு மணிக்கு முதல் கோப்பை. நானும் சிரிச்சுக்கிட்டுப் பார்த்தேன். ஊர்ல போய்ச் சொல்லணும்னு நினைச்சேன்.

பன்னிரண்டரைக்கு மாத்திரை வேலையைக் காட்ட ஆரம்பிச்சது.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க, தப்பில்லை. பொம்பளைங்க முன்னாடி இதையெல்லாம் பேசறேன்னு அம்மா தப்பா எடுத்துக்கக்கூடாது. ஒதுங்கற இடம் எங்கேன்னு பார்த்தேன். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆம்பளை பொம்பளை படம் போட்ட பலகை. எத்தனை எட்டு இருக்கும்னு கண்ணாலயே அளந்தேன். எழுபது, எழுபத்தஞ்சு. அதுக்கப்புறம் கீழே இறங்கப் படி. வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனா கல்லுல உருளாது. பையெல்லாம் தோள்ல மாட்டிக்கிட்டா என் முழங்கால் படியில இறங்காது. விட்டுட்டுப் போனா பாஸ்போர்ட். அப்படியே எடுத்துக்கிட்டுப் போனாலும், அந்த நேரம் பார்த்து இவங்க வந்து பெஞ்சு காலியா இருந்தா? அசையாதீங்கன்னு சொல்லியிருக்கானே.

பெஞ்சுக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய தண்ணித் தொட்டி, நடுவுல தூண். நாலு குழாய் வழியாத் தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கு. சளசளன்னு. என் நிலைமையில அந்தச் சத்தத்தைக் கேக்கணும் நீங்க.

போன் அடிக்குது. இருங்க. அவன்தான். அடிக்கட்டும். மெட்ராஸ்ல இறங்கினதிலேர்ந்து மூணு தடவை ஆச்சு. வந்து சேர்ந்துட்டேன்னு மெசேஜ் போட்டாச்சு, அது போதும்.

எங்கே விட்டேன்? பெஞ்சு. பக்கத்துல ஒரு ஜப்பான்காரம்மா வந்து உட்கார்ந்தா. வயசானவ, தொப்பி போட்டிருந்தா. என்னைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சு வணக்கம் சொன்னா. அவகிட்டச் சைகையில சொல்லிட்டுப் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனா முன்னே பின்னே தெரியாதவகிட்ட எப்படி விட்டுட்டுப் போறது? ஒரு மணிக்கு வந்துடுவான், ஒரு மணிக்கு வந்துடுவான்னு கால் மேல கால் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி ஆச்சு. ஜன்னல் திறந்தது. மேயர் ரெண்டாவது கோப்பையைக் குடிச்சார். இவனைக் காணோம். ஜப்பான்காரம்மாவும் எழுந்து போயிட்டா.

ஒரு பெரிய ஊர்ல, ஆயிரம் ஜனம் போற இடத்துல, நாலு பக்கமும் திறந்து கிடக்கிற சதுக்கத்துல ஒரு மனுஷன் மாட்டிக்கிட்டேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா சார்? ஒரு கதவு இல்லை, ஒரு பூட்டு இல்லை. வெறும் நாலு பை.

இந்தப் பை விஷயத்துல எனக்கு அனுபவம் உண்டு. எல்.டி.சி.யில போகும்போது எங்ககிட்ட எப்பவும் ரெண்டு கட்டைப்பை இருக்கும். புளியோதரைத் தூக்கு, போர்வை, டம்ளர்னு. ஸ்டேஷன்ல சாமான் வைக்கிற அறையில பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவான், கட்டைப்பையை வாங்க மாட்டான். அதனால எங்கே போனாலும் ஒரு ஆள் பையோட உட்காரணும். செண்பகம் உட்காருவா. என் வீட்டுக்காரி, செண்பகவல்லி. தவறி நாலு வருஷமாச்சு. நானும் பையனும் உள்ளே போய்ப் பார்த்துட்டு வருவோம். வந்து அவளுக்கு ஒண்ணு விடாமச் சொல்லுவேன். தூண் எத்தனை, கட்டினது யாரு, எத்தனை வருஷம் ஆச்சு, எல்லாம். நேர்ல பார்த்த மாதிரியே இருக்கும். அவளும் ம், ம்னு கேப்பா.

ஆனா அவளுக்கு விவரம் பத்தாது. ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டுல தாஜ்மஹால் எப்படிக்கா இருந்துச்சுன்னு கேட்டா, வாசல்ல ஒரு ஒட்டகம் நின்னுச்சு, அதுக்கு ஒரு கண்ணு பூ விழுந்திருந்துச்சு, அதோட பேரு ராணியாம், கடலை விக்கிறவன் ஒட்டகக்காரனுக்குத் தெரியாம அதுக்கு ஒரு கை கடலை கொடுப்பான்னு ஆரம்பிப்பா. எனக்கு மானம் போகும். தாஜ்மஹாலைக் கேட்டா ஒட்டகத்தைச் சொல்றாளேன்னு.

அந்த ஆக்ராவுலதான் ஒண்ணு நடந்தது. டிசம்பர் மாசம், பூவநாதன் நாலாங்கிளாஸ். வெளி வாசல்கிட்டே பையோட அவளை உட்கார வச்சுட்டு, இந்த இடத்தை விட்டு அசையாதே, தொலைஞ்சா இந்திக்காரன்கிட்ட என்னன்னு கேப்பேன்னு சொல்லிட்டுப் போனோம். உள்ளே கூட்டம், வர மூணு மணி நேரமாச்சு. வந்து பார்த்தா, எழுந்திருன்னா எழுந்திருக்க மாட்டேங்கிறா. அப்புறம் பார்த்தா சேலை பின்னாடியெல்லாம் நனைஞ்சிருக்கு. எனக்கு வந்ததே கோபம். வளர்ந்த பொம்பளை. பக்கத்துல நாலு பொம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க, ஒருத்திகிட்டப் பையைக் காட்டிட்டுப் போயிட்டு வர வேண்டியதுதானே? அதைக் கேட்டேன், எல்லார் முன்னாடியும்தான் கேட்டேன். "நீங்கதானே அசையக்கூடாதுன்னீங்க"ன்னா.

இந்தப் பய என்ன பண்ணினான் தெரியுமா? போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழட்டி, கையை ரெண்டு பக்கமும் இழுத்து அவ இடுப்பைச் சுத்திக் கட்டிவிட்டான். "அம்மாவுக்குக் குளிருதாம்ப்பா"ன்னான், சத்தமா. ஏண்டா, குளிருக்கு இடுப்புலயா கட்டுவாங்க, புது ஸ்வெட்டராச்சேன்னு அவனுக்கும் ரெண்டு வச்சேன். அழலை. அவன் எப்பவும் அம்மா பிள்ளை.

அதுக்கப்புறம் எங்கே கிளம்பினாலும் முதல்நாள் ராத்திரியிலேர்ந்து செண்பகம் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா. ரயில்ல நான் பாட்டிலை நீட்டினா வேண்டாம்னுடுவா. ரெண்டு நாள் பயணம்னாலும் அப்படித்தான். பிடிவாதம். கடைசியில கிட்னியில கல்லு வந்து அவதிப்பட்டா. சொன்னாக் கேட்டாத்தானே?

சரி, அதை விடுங்க. ரோதன்பர்க்குக்கு வருவோம்.

ஒண்ணரை மணி. வேர்க்குது. எதிர் ஓட்டல்ல ஒரு வெயிட்டர் மேஜையைத் துடைச்சுக்கிட்டே இருந்தான், துடைச்ச மேஜையையே திரும்பத் துடைச்சான். நான் அவனையே பார்த்தேன். வேற எதையாவது பார்த்தாத்தான் தாங்கும். ஒரு அம்மா கட்டையா ஒரு நாயைக் கூட்டிக்கிட்டு வந்தா. அந்த நாய் என் முன்னாடி நின்னு, பெஞ்சுக் காலை மோந்து பார்த்து, காலைத் தூக்கி வேலையை முடிச்சுட்டுப் போச்சு. சத்தியமாச் சொல்றேன், வாழ்க்கையில நான் ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்னைக்குத்தான்.

ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது போயிடறதுன்னு முடிவு பண்ணினேன். பாஸ்போர்ட் போனாப் போகட்டும். கையை ஊணி எழுந்திருக்கப் பார்த்தா, கூட்டம். கடிகாரம் பார்க்க வந்த கூட்டம். எனக்கு முன்னாடி, பக்கத்துல, வண்டியை ஒட்டி, எல்லாப் பக்கமும் ஆள். ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்காராத குறை. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வழி விடுங்கன்னு சொல்ல எனக்குப் பாஷை இல்லை. தமிழ்ல சொன்னேன். ஐயா கொஞ்சம், ஐயா கொஞ்சம்னேன். ஒருத்தன் திரும்பி, நான் போட்டோ எடுக்கச் சொல்றேன்னு நினைச்சு, சிரிச்சுக்கிட்டே என்னை ஒரு போட்டோ எடுத்தான்.

மணி அடிச்சது. ஜன்னல் திறந்தது. மேயர் மூணாவது கோப்பையைத் தூக்கினார்.

நான் திரும்ப உட்கார்ந்தேன் சார். அவ்வளவுதான். மேயர் குடிச்சு முடிச்சார், ஜன்னல் மூடினது, ஜனம் கை தட்டினாங்க.

எழுபத்திரண்டு வயசு எனக்கு.

ரெண்டேகாலுக்கு மேல வந்தாங்க. பிள்ளை சுவர் மேலயே தூங்கிப்போச்சாம், அங்கே நிழல்ல உட்கார்ந்துட்டாங்களாம். போகலாம்ப்பான்னான். நான் கொஞ்ச நேரம் உட்கார்றேன்னேன். முழங்காலாப்பான்னான். அவன் என்னைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான். தேன்மொழி பக்கத்துலதான் நிக்கிறா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். இப்ப கேப்பான், இப்ப கேப்பான்னு. கேட்டிருக்கலாம் சார். வளர்ந்த மனுஷன், யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போக வேண்டியதுதானேன்னு நாலு வார்த்தை திட்டியிருந்தா, நானும் திருப்பித் திட்டியிருப்பேன். ஏண்டா என்னை இங்கே உட்கார வச்சேன்னு கேட்டிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்.

அவன் வண்டியில மாட்டியிருந்த தன்னோட கோட்டை எடுத்தான். குனிஞ்சு, என்னை எழுப்பி நிறுத்தி, கையை ரெண்டு பக்கமும் இழுத்து என் இடுப்பைச் சுத்திக் கட்டினான்.

"குளிருதாப்பா?"

சத்தமாக் கேட்டான். முப்பது டிகிரி வெயில். தேன்மொழிகூட, இந்த வெயில்லயா மாமான்னா. வயசானா அப்படித்தான் இருக்கும்னுட்டு வண்டியைத் தள்ளினான். காரில ஏறும்போது சீட்டுல பிள்ளையோட போர்வையை நாலா மடிச்சுப் போட்டான். ஒரு வார்த்தை கேக்கலை. அன்னைக்கும் கேக்கலை, மறுநாளும் கேக்கலை. அதுதான் என்னை இருக்கவிடலை. டிக்கெட்டை மாத்துன்னேன். ஏம்ப்பான்னான். சாப்பாடுன்னேன். மாத்திக் கொடுத்தான்.

இப்ப ஊருக்குப் போறேன். அந்தக் கோட்டை ஊர் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? ஒரு வெயிட்டர் துடைச்ச மேஜையையே துடைச்சான், ஒரு கட்டை நாய் வந்துச்சு, நாலு குழாய்ல தண்ணி விழுந்துச்சு. அதுதான் தெரியும். டைரியில நம்பர் போட்டது அப்படியே கிடக்கு. ஊர்ப் பேரு எழுதலை.

திருச்சி வரப்போகுது போல. நீங்க இறங்கி டீ குடிக்கணும்னீங்களே சார், போயிட்டு வாங்க. அஞ்சு நிமிஷம் நிக்கும். எதுக்கு அம்மாகிட்டப் பையைப் பாத்துக்கன்னு சொல்றீங்க? இருங்க. செங்கல்பட்டுல நீங்க தண்ணி கொடுத்தப்ப அவங்க வேண்டாம்னாங்க. விழுப்புரத்துலயும் வேண்டாம்னாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். ஏறினதிலேர்ந்து எழுந்திருக்கவே இல்லை. அதனாலதான்... ஒண்ணுமில்லை, விடுங்க.

அம்மா, அந்தப் பையை இப்படிக் கொடுங்க. ஒதுங்கற இடம் இந்த ரயில் பெட்டியோட அந்தக் கோடியில இருக்கு, ஸ்டேஷன் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். முன்னே பின்னே தெரியாதவன்னு யோசிக்காதீங்க. என்னோட பெட்டியில பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கு. வந்து தண்ணியும் குடிங்க. வயிறு நிறையக் குடிங்க. பை எங்கேயும் போகாது. நானும் போக மாட்டேன்.

ம். மெதுவாப் போங்க.

மறுபடியும் அவன்தான் அடிக்கிறான். சரி, நீங்க இறங்குங்க சார், நான் பேசறேன்.

சொல்லு பூவு. ரயில்லதான் இருக்கேன். திருச்சி. இல்லைப்பா, ஒண்ணும் பண்ணலை, ஒரு அம்மாவோட பையைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஆமா, பைதான். ஏன் பேசமாட்டேங்கிறே? இருக்கியா?... ஏசி பெட்டிதான். என்ன கேக்கிறே, குளிருதாவா?

ஆமாப்பா. அன்னைக்கும் குளிரத்தான் செஞ்சுது.